அட்டமி நிலாவும் என் முப்பத்தாறு படங்களும்

கல்லடிக் கடற்கரைக்கு நிலாப் படம் எடுக்க என்னோடு வரும் தம்பிமார் விடும் பிழைகளெல்லாம் நான் ஒரு காலத்தில் விட்டவைதான். கமரா ஆடுவது, லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பது எல்லாம் இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விடுவோம்.

நிலா வெள்ளை என்று நம்புவது

விழும் வெளிச்சத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்களவுதான் திரும்பி வருகிறது. தேய்ந்த தார் ரோட்டு நிறம்.

அரை நிலாவுக்கு அரைக் கணக்குப் போடுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. பிலிம் காலம். பிலிமில் வெளிச்சம் விழ விடும் நேரத்தில், பூரணைக்குச் சரிவந்ததை அட்டமி நிலாவுக்கு இரண்டு மடங்காக்கினேன். பாதி நிலாவுக்குப் பாதி வெளிச்சம்தானே என்ற கணக்கு. 36 படம், முழு ரோலும் போனது. இரவும் பகலும் சந்திக்கும் கோட்டருகே நான் ஆசைப்பட்ட குழிகளில் ஒன்றுகூடப் பதியவில்லை. "மூடியோடயா எடுத்தீங்க தம்பி?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

உண்மையில் அரை நிலா தரும் வெளிச்சம் பூரணையில் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கு. பரப்புப் பாதியானது போக, தெரிகிற தரையே ஐந்து மடங்குக்கு மேல் மங்கிவிடுகிறது. வெயில் சாய்ந்து விழுகிறது. ஒவ்வொரு குழியும், ஒவ்வொரு தூசிமணியும் நிழல் போடுகிறது. பூரணையன்று சூரியன் நம் முதுகுப் பக்கம், அதனால் நிழலெல்லாம் அததன் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

நம்பிக்கை இல்லையா? காலையில் சூரியன் எழும் கடலுக்கு முதுகு காட்டி நின்று மணலைப் பாருங்கள், காலடித் தடங்கள் மங்கலாக இருக்கும். அப்புறம் சூரியன் பக்கம் திரும்புங்கள், தடம் தடமாக நிழல் நிறைந்து நிற்கும். அம்பாறைப் பக்கம் வயல் வரம்பில், பனி காய்ந்த பிறகும் உங்கள் தலை நிழலைச் சுற்றிப் பயிர் சற்றுக் கூடுதலாக வெளிச்சம் காட்டும். அப்பல்லோ வீரர்கள் நிலாவில் எடுத்த படங்களிலும் அவர்களுடைய நிழலைச் சுற்றி அதே பிரகாசம் உண்டு.

படத்துக்குக் கணக்கு தரையின் பிரகாசம்தான், பரப்பு அல்ல; அதனால் இப்போது நான் அட்டமிக்குப் பூரணை நேரத்தின் ஐந்து மடங்கில் தொடங்குகிறேன்.

பூரணையில் குழி தேடுவது

கிடைக்காது.

1.38ஐக் கண்டு மிரள்வது

சனியின் நிலாவான என்செலடஸுக்கு அட்டவணைகளில் அல்பிடோ, அதாவது வெளிச்சத்தைத் தெறிக்கும் அளவு, 1.38 அளவில் இருக்கும். வாங்கியதைவிடக் கூடுதலாக எப்படித் தெறிக்கும் என்று ஒரு தம்பி அதை 0.38 ஆகத் திருத்தியே விட்டார்! அந்த எண் சூரியன் இருக்கும் திசையிலிருந்து பார்த்து, அதே அளவு வெள்ளைத் தட்டு ஒன்றோடு ஒப்பிட்டது; அந்தத் திசைக்கு வெளிச்சம் கூடுதலாகத் திரும்புவதால் ஒன்றைத் தாண்டலாம். எல்லாத் திசையிலும் போவதைக் கூட்டினால் நூற்றுக்கு எண்பது அளவில்தான் நிற்கும். அதற்குப் பெயர் பொண்ட் அல்பிடோ.

வாவி மினுங்குவதைத் தண்ணீரின் நிறமாக எடுப்பது

கல்லடிப் பாலத்தில் மாலையில் கண் கூசுவது சூரியனின் விம்பத்தால். தண்ணீர் கறுப்புத்தான். 2009இல் காசினி விண்கலம் சனியின் இன்னொரு நிலாவான டைட்டனின் ஏரியொன்றில் பிடித்ததும் இதே மினுக்கம்; அங்கே தண்ணீருக்குப் பதில் மெத்தேன் கலந்த திரவம்.