ஊட்டி உறைபனியும் எங்கள் வீட்டுப் புல்லும்: என் அனுபவம்
ஜனவரியில் எங்கள் முற்றத்துக் கொரியன் புல் கருகத் தொடங்கியது. யூரியா போட்டோம், பலனில்லை. வேர்ப்புழு என்றார்கள், கிளறிப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. பூஞ்சை மருந்தும் வீண்.

அப்புறம்தான் கவனித்தேன். கருகல் பள்ளமான பக்கத்தில்தான் அதிகம். அதிலும் சில திட்டுகள் பாதம் பாதமாக கேட்வரை போயின: விடிகாலையில் பால்காரர் நடக்கும் தடம்! உறைபனி படிந்த புல்லை மிதித்தால் இலையின் செல்கள் உடைந்து அந்த இடம் கருகிவிடும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் தேங்கும். ஆக, நோயே இல்லை.

கோடை மழை விழுந்ததும் கிகுயு புல்லின் தண்டுகளை நட்டேன். கிழக்கு ஆப்பிரிக்க மலைப்புல் அது. பனியில் மேலே காய்ந்தாலும் மண்ணுக்கடியில் ஓடும் தண்டிலிருந்து வேகமாகத் துளிர்த்துவிடுகிறது. பெரிய நிம்மதி. ஆனால் தறிகெட்டுப் பரவும். விளிம்பை விடாமல் வெட்டுகிறேன். சோலைக்காட்டை ஒட்டிய வீடு என்றால் தயவுசெய்து நடாதீர்கள்.