அரிய ஆங்கிலக் குடும்பப் பெயரின் வேரைத் தேடும் முறை

ஸ்மித், ஜோன்ஸ் போன்ற பெயர்களைத் தேடுபவருக்கு ஆவணங்கள் குவிந்து கிடக்கும். அதில் தன் குடும்பம் எது என்பதுதான் தெரியாது. அரிய பெயரைத் தேடுபவருக்கு வேறு விதமான சிக்கல்கள். பெயரைப் பல விதமாக எழுதியிருப்பார்கள், அதனால் பாதிப் பதிவுகள் கண்ணில் படாது. பட்டவற்றையோ, "இந்தப் பெயர் வேறு யாருக்கு இருக்கப்போகிறது" என்ற நம்பிக்கையில் சரிபார்க்காமல் ஒட்டிவிடத் தோன்றும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே. உங்கள் நேரடி முன்னோர் வரிசையை மட்டும் பிடித்து மேலே ஏறாதீர்கள். இங்கிலாந்தில் அந்தப் பெயரோடு பிறந்த, மணந்த, இறந்த எல்லோரையும் முதலில் திரட்டுங்கள். சில நூறு பேர் மட்டுமே வைத்திருந்த பெயர் என்றால் இது முடியக்கூடிய வேலைதான்.

தொடங்கும் முன், கில்ட் ஆஃப் ஒன்-நேம் ஸ்டடீஸ் அமைப்பின் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 1979-இல் தொடங்கிய அமைப்பு அது. ஒரு பெயரை ஓர் உறுப்பினர் பொறுப்பேற்று, அந்தப் பெயருக்குரிய எல்லாரையும் தொகுப்பது அவர்கள் முறை. யாராவது ஏற்கெனவே பதிவு செய்திருந்தால் பெரும்பகுதி வேலை முடிந்திருக்கக்கூடும்.

சிவில் பதிவுகளைத் திரட்டுதல்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பதிவு 1837 ஜூலை 1-இல் தொடங்கியது. அதன் குறியீட்டை, அதாவது பதிவுகளின் பெயர்ப் பட்டியலை, தேட இரண்டு இடங்கள் உண்டு: இலவசமான ஃப்ரீபிஎம்டி, அரசுப் பதிவகமான ஜிஆர்ஓவின் இணையத் தளம். இரண்டும் தனித்தனியாகத் தயாரிக்கப்பட்டவை என்பதால் ஒன்றில் தவறாகப் படிக்கப்பட்ட பெயர் மற்றதில் சரியாக இருக்கலாம். ஆகவே இரண்டிலும் தேடியே ஆக வேண்டும்.

பிறப்புகளுக்கு ஜிஆர்ஓ தளமே சிறந்தது. பழைய அச்சுக் குறியீட்டில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வரும். ஜிஆர்ஓவின் புதிய குறியீட்டில் அது 1837-இலிருந்தே இருக்கிறது. இறப்புப் பதிவிலும் அப்படித்தான்: வயது பழையதில் 1866 முதல், புதியதில் 1837 முதல். ஒரே தாய்ப்பெயரோடு வரும் குழந்தைகளைச் சேர்த்தால் ஒரு சான்றிதழும் வாங்காமலே குடும்பங்கள் உருவாகிவிடும். தாய்ப்பெயர் இடம் காலியாக இருந்தால், பெரும்பாலும் தாய் மணமாகாதவர். குழந்தைக்கு அவர் பெயரே வந்திருக்கிறது. அந்த இடத்தில் ஆண்வழி அறுந்தாலும் பெயர் தொடர்கிறது. இதைக் குறித்து வையுங்கள், பின்னால் டிஎன்ஏ சோதனையின்போது தேவைப்படும்.

"மார்ச் காலாண்டு" என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. அது பதிவு செய்த காலம், பிறந்த காலம் அல்ல. பிறப்பைப் பதிய ஆறு வாரம் அவகாசம் இருந்ததால் டிசம்பரில் பிறந்த குழந்தை அடுத்த ஆண்டுக் கணக்கில் வரலாம். பதியாமல் விட்ட பெற்றோருக்குத் தண்டனை 1875-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் விடுபட்ட பிறப்புகள் உண்டு. அப்படிப்பட்டவர்களைத் தேவாலய ஞானஸ்நானப் பதிவில் தேட வேண்டும். திருமணக் குறியீட்டில் துணையின் குடும்பப் பெயர் 1912 முதல்தான் கிடைக்கிறது. முந்தையவற்றுக்கு, அதே தொகுதி எண்ணும் பக்க எண்ணும் உள்ள மற்றப் பெயர்களை ஃப்ரீபிஎம்டியில் எடுத்து, பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் காணும் மனைவியின் முதற்பெயரோடு ஒப்பிடுங்கள்.

எல்லாவற்றையும் ஓர் அட்டவணையில் ஏற்றுங்கள்: ஆண்டு, நிகழ்வு, முதற்பெயர், மாவட்டம், தொகுதி–பக்கம், துணை அல்லது தாய், எங்கே கிடைத்தது. பெயர் ஆவணத்தில் எழுதப்பட்டிருக்கும் எழுத்துக்கூட்டலுக்குத் தனிப் பத்தி அவசியம். அதை "திருத்தி" ஒரே வடிவமாக்கிவிட்டால், எந்த வட்டாரத்தில் எந்த வடிவம் வழங்கியது என்ற தடயம் அழிந்துபோகும்.

எழுத்துக்கூட்டல்

எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயால் சொன்னதை எழுத்தர் தன் காதுக்குக் கேட்டபடி எழுதினார். லங்காஷையரில் பரி அருகே ஷிப்பர்பாட்டம் என்ற இடத்திலிருந்து வந்த பெயர் ஷஃபிள்பாட்டம், ஷஃபிள்போத்தம், ஷிப்பர்பாட்டம் எனப் பல வடிவங்களில் கிடைக்கிறது. முதலெழுத்தான எச் ஒலி காணாமல் போவதும், இல்லாத இடத்தில் முளைப்பதும் சகஜம். தேடுதளங்கள் பயன்படுத்தும் சவுண்டெக்ஸ் முறை, அதாவது ஒலி ஒத்த பெயர்களை ஒன்றாகச் சேர்க்கும் முறை, முதலெழுத்தை மாற்றாது, ஆகவே இந்த வகைப் பிழையை அதனால் பிடிக்கவே முடியாது. முதலெழுத்தை மாற்றி மாற்றி நீங்களேதான் தேட வேண்டும். நடு எழுத்துகளுக்குப் பதில் நட்சத்திரக் குறியோ கேள்விக்குறியோ போட்டும் தேடலாம்.

இன்னொரு வகைப் பிழை பிற்காலத்தில் வருவது. பழைய கையெழுத்தைப் படித்து ஏற்றியவர்கள் "எஸ்" எழுத்தின் பழைய நீண்ட வடிவத்தை "எஃப்" என்றும், "யு" எழுத்தை "என்" என்றும், பெரிய "எல்" எழுத்தை "எஸ்" என்றும் படித்திருப்பார்கள். பழைய எழுத்தில் பெரிய எஃப்பை இரண்டு சின்ன எஃப்களாக எழுதுவார்கள், அது தனிப் பெயர் அல்ல. எந்த வடிவத்திலும் ஒருவர் கிடைக்காதபோது குடும்பப் பெயரை முழுவதும் விட்டுவிட்டு முதற்பெயர், வயது, பிறந்த ஊர் மட்டும் கொடுத்துத் தேடுங்கள். அந்தப் பிடிவாதம் அடிக்கடி பலன் தரும்.

எங்கே மையம் கொண்டிருக்கிறது

1881 கணக்கெடுப்பின் முழுப் படியும் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசம். உங்கள் பெயருள்ளவர்கள் மாவட்டம் மாவட்டமாக எத்தனை பேர் என்று எண்ணி வரைபடத்தில் குறியுங்கள். லண்டன், லிவர்பூல், மான்செஸ்டர் போன்ற நகரங்களில் பெரிய எண் வந்தால் ஏமாற வேண்டாம், அவை எல்லாரையும் இழுத்த இடங்கள். கிராமப்புறத்தில் அடர்த்தியாக எங்கே திரண்டிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. இடப்பெயரிலிருந்து பிறந்த குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் மூல ஊரைச் சுற்றியே நெடுங்காலம் தங்கியிருக்கும். பெயர் எங்கும் திரளாமல் லண்டனில் மட்டும் சிதறிக் கிடந்தால் வேறு சாத்தியங்களைப் பாருங்கள்: 1685-க்குப் பின் பிரான்சிலிருந்து வந்த ஹியூகனாட் (பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட்) குடும்பமாக இருக்கலாம், வேறொரு பெயர் உருமாறியதாக இருக்கலாம், கைவிடப்பட்ட குழந்தைகளை ஏற்று அவர்களுக்குப் புதுப்பெயர் சூட்டிய லண்டனின் ஃபவுண்ட்லிங் மருத்துவமனை என்ற காப்பகத்தில் தொடங்கியதாகக்கூட இருக்கலாம்.

கணக்கெடுப்புகளில் 1841-இலிருந்து தனிநபர் பெயர்கள் உண்டு. ஆனால் 1841-இல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயதைக் கீழே உள்ள ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொன்னார்கள்: 34 வயதுக்காரர் 30 ஆகத் தெரிவார். பிறந்த ஊர் 1851 முதல் வருகிறது. 1837-க்கு முன் எந்தப் பாரிஷில் (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் வட்டாரத்தில்) தேடுவது என்பதற்கு அதுவே சாவி. 1931 கணக்கெடுப்பு 1942-இல் தீயில் அழிந்தது, 1941-இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்த இடைவெளியை 1939 செப்டம்பர் 29-இல் எடுத்த தேசியப் பதிவேடு ஓரளவு நிரப்பும்.

பாரிஷ் பதிவேடுகள்

தேவாலயப் பதிவுகள் 1538-இல் கட்டாயமாயின. பல பாரிஷ்களில் தொடக்கக்காலப் புத்தகங்கள் மிஞ்சவில்லை. 1598 முதல் ஆண்டுதோறும் ஆயருக்கு அனுப்பிய படிகள் உண்டு; மூலம் தொலைந்த இடத்தில் படியைக் கேளுங்கள், இருக்கும் இடத்திலும் ஒப்பிடுங்கள். உள்நாட்டுப் போரும் அதன் பின்விளைவுகளும் நிறைந்த 1640–1660 காலத்தில் ஓட்டைகள் சகஜம். மேத்தடிஸ்ட், பாப்டிஸ்ட் குடும்பங்களுக்கு ஞானஸ்நானம் அவர்கள் சபையில் இருக்கும்; ஆனால் 1754 முதல் 1837 வரை குவேக்கர்களும் யூதர்களும் தவிர மற்ற எல்லாரும் ஆங்கிலிக்கன் ஆலயத்தில்தான் மணம் செய்ய வேண்டியிருந்தது. யார்க் மறைமாவட்டத்தில் 1770-களின் பிற்பகுதியிலிருந்து 1812 வரை சில பாரிஷ்கள் வைத்த, டேட் பதிவேடுகள் எனப்படும் விரிவான பதிவேடுகள் கிடைத்தால் அது பெரும் பேறு: பல பதிவுகளில் தாத்தா பாட்டி பெயர்கூட இருக்கும்.

தேதிகளில் கவனம். 1752-க்கு முன் ஆண்டு மார்ச் 25-இல் தொடங்கியது. 1720 மே மாதத்தில் திருமணம், "1720 பிப்ரவரி"யில் குழந்தை ஞானஸ்நானம் என்று பதிவேட்டில் இருந்தால், குழந்தை மணத்துக்கு முந்தியது அல்ல, ஒன்பது மாதம் பிந்தியது. இத்தகைய தேதியை 1720/21 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மிகவும் நடக்கும் தவறு: சரியான பெயர், சரியான ஊர், ஏறக்குறைய சரியான ஆண்டு, ஆகவே நம் முன்னோர் என்று முடிவு கட்டுவது. அதே பாரிஷின் அடக்கப் பதிவைப் பார்க்காமல் எந்த ஞானஸ்நானத்தையும் ஏற்காதீர்கள். அந்தக் குழந்தை ஒரு வயதில் இறந்திருக்கலாம். பெற்றோர் அதே பெயரை அடுத்த குழந்தைக்கு வைத்திருக்கலாம். பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் ஒரே தாத்தாவின் பெயரைச் சுமந்து ஒரே தெருவில் வாழ்ந்திருக்கலாம். முழுத் திரட்டு கையில் இருந்தால் அந்த ஆண்டுகளில் அந்தப் பெயரில் எத்தனை ஜான்கள் இருந்தார்கள் என்று எண்ணி, ஒவ்வொருவராக விலக்க முடியும். அட்டவணையின் முழுப் பயன் இங்கேதான்.

உயில்களும் வரிப் பட்டியல்களும்

உறவுமுறையை எழுத்தில் நிரூபிக்கும் ஆவணம் உயில். 1858-லிருந்து இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ஒரே மையக் குறியீடு இருக்கிறது. அதற்கு முன் திருச்சபை நீதிமன்றங்கள்: கேன்டர்பரி நீதிமன்ற உயில்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும், யார்க்குக்கு உரியவை யார்க் நகரின் போர்த்விக் நிலையத்திலும், சிறியவை பெரும்பாலும் அந்தந்தக் கவுண்டி ஆவணகத்திலும் உள்ளன. அரிய பெயர் என்றால் அத்தனை உயில்களையும் படித்துவிடலாம், படியுங்கள். பிள்ளையில்லாத அத்தையின் உயில்தான் மருமக்களையெல்லாம் வரிசையாகச் சொல்லும். டெவன் கவுண்டிக்கான ஏராளமான உயில்கள் 1942-இல் எக்ஸிடர் குண்டுவீச்சில் எரிந்தன. அங்கே 1812-க்குப் பிந்தைய காலத்துக்கு வரித்துறை எடுத்த படிகளை நாடுங்கள்.

ஏழைக் குடும்பமானால், ஓர் ஏழைக்கு எந்தப் பாரிஷ் பொறுப்பு என்று வரையறுத்த 1662 குடியேற்றச் சட்டத்தின் கீழ் எழுந்த விசாரணைக் குறிப்புகள் உயிலைவிட மேல். உதவி கேட்டவரைப் பாரிஷ் அதிகாரிகள் எங்கே பிறந்தாய், எங்கே வேலை செய்தாய் என்று கேட்டு எழுதி வைத்தார்கள். இன்னும் பின்னே போக 1662–1689 அடுப்பு வரி, 1641–42 உறுதிமொழிப் பட்டியல், 1524–25 மானிய வரி, 1377–81 தலைவரி என்று வரிசையாகப் பாருங்கள். இவை வம்சத் தொடர்ச்சியைத் தராது, அந்தப் பெயர் அப்போது எந்த ஊரில் இருந்தது என்பதை மட்டும் தரும்.

டிஎன்ஏ

ஆவணங்கள் இணைக்க மறுக்கும் இரண்டு கிளைகள் ஒன்றா என்பதற்கு, தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் ஒய்-குரோமோசோமின் சோதனை. லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஸ்மித் போன்ற பொதுப் பெயர்களில் ஆண்வழித் தொடர்பு தெரியவில்லை. பெயர் அரிதாக அரிதாக, ஒரே மூதாதையரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஒவ்வொரு கிளையிலும் அறுபடாத ஆண்வழியில் வந்து அதே பெயரைச் சுமக்கும் ஒருவர் தேவை. 37 குறியான்களுக்கு (ஒப்பிடப்படும் டிஎன்ஏ இடங்களுக்கு) குறைந்த சோதனையை நம்பாதீர்கள். இருவரும் பொருந்தினால் ஒரே வேர். பொருந்தாவிட்டால் உடனே இரண்டு வேர் என்று சொல்லக்கூடாது: தாய்ப்பெயர் வழியாகவோ தத்து வழியாகவோ பெயர் வந்த கிளையாக இருக்கலாம். அதனால் கிளைக்கு இரண்டு பேராக, இயன்றவரை தூரத்துப் பங்காளிகளாகப் பார்த்துச் சோதியுங்கள். யாருடைய வரிசையில் எந்தத் தலைமுறையில் முறிவு என்பது அப்போது பிடிபடும்.