பாடகியோடு சேர்ந்து பாட்டுச் செய்வது எப்படி

இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு கடைக்கு மேல்மாடி அறையில் பாட்டுச் செய்கிறேன். பாடுகிறவள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தங்கச்சி. எங்களைப் போல ஒருவர் பாட, ஒருவர் இசை கட்ட என்று சேர நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பீட்டை முடித்துவிட்டு "இதுக்குப் பாடு" என்று நீட்டாதீர்கள். முதலில் தாளமே இல்லாமல் அவருக்கு வருகிற சுருதியில் பாடவிட்டு, போனில் பதிவு செய்யுங்கள். அந்தச் சுருதியைக் கீபோர்டில் பிடித்து, அதன்மேல் இசையைக் கட்டுங்கள். எட்டாத இடத்தில் தொண்டை இறுகினால் அரைக் கட்டை இறக்கிப் பாருங்கள், குரல் தானாகத் திறக்கும். அந்தப் போன் பதிவை அழிக்க வேண்டாம். நல்ல மைக்கில் எடுத்த பிறகு இரண்டையும் கேளுங்கள். முதலில் இருந்த உயிர் பின்னதில் இல்லையென்றால் மறுபடி பாட வேண்டியதுதான்.

அறை சிறியது என்று கவலைப்படாதீர்கள். அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷின் 2019 ஆல்பத்தை அவருடைய அண்ணன் ஃபினியஸ் பெரும்பாலும் வீட்டுப் படுக்கையறையில்தான் செய்தார். பாடுகிறவருக்குப் பின்னால் இரண்டு கம்பளியைத் தொங்கவிடுங்கள், வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி போதும். தகரத்தில் மழை அடிக்கும்போது குரல் எடுக்க முடியாது, அந்த நேரத்தில் வரிகளைத் திருத்துங்கள்.

பாட்டுக்குத் தப்பு மேளம் வேண்டுமென்றால் அந்தச் சத்தத்தைக் கம்ப்யூட்டரில் தேடாதீர்கள். காமன் கூத்துக்கு அடிக்கிறவர்களே நம் தோட்டங்களில் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடுங்கள். நெருப்பில் காய்ச்சிய தோல் நம் ஊர் ஈரக்குளிரில் சீக்கிரம் தொய்ந்துவிடும். அதனால் மைக், லெவல் எல்லாம் சரிபார்த்துவிட்டுக் காய்ச்சச் சொல்லுங்கள், காய்ந்ததும் அடிக்க வையுங்கள். அடுத்த டேக்குக்கு, அதாவது அடுத்த முறை பதிவு செய்வதற்கு, முன் மறுபடி காய்ச்ச வேண்டும். இல்லாவிட்டால் இரண்டின் நாதமும் வேறாகி, வெட்டி ஒட்டும்போது சேராது.

சண்டை வரும், வரட்டும். 1982இல் வந்த 'பில்லி ஜீன்' பாட்டின் முன்னிசை நீளம், குறைக்கலாம் என்றார் அதன் தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ். அதைக் கேட்டால்தான் ஆடத் தோன்றுகிறது என்றார் பாடகர் மைக்கேல் ஜாக்சன். குவின்சி விட்டுக்கொடுத்தார். எங்கள் அறையிலும் குரல், வரி இரண்டிலும் தங்கச்சி சொல்வதுதான் முடிவு. மிக்ஸிங் என் பொறுப்பு. "அண்ணே, இது நான் பாடின மாதிரி இல்ல" என்று அவள் சொன்னால் எஃபெக்டை எடுத்துவிடுவேன்.

அப்புறம், பெயரும் பணமும். பாட்டை இணையத்தில் ஏற்றுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: வரி யார், மெட்டு யார், இசை யார், தப்பு அடித்தவர்கள் யார், சேனல் யார் பெயரில், வருமானத்தில் யாருக்கு எவ்வளவு. கொழுந்து மலையில் பிறந்த எத்தனையோ பாட்டுகளுக்குப் பாடிய பெண்களின் பெயரே இல்லை. நம் கையால் வெளியாகிற பாட்டிலும் அப்படி நடக்க விடக்கூடாது. அந்தத் தாளில் ஒரு பிரதியையும், ட்ராக்குகள் தனித்தனியாக உள்ள பென் டிரைவ் ஒன்றையும் பாடகி கையில் கொடுத்துவிட்டு, பிறகு பாட்டை ஏற்றுங்கள்.