பனிப்புயல் ஓய்ந்த பிறகு செய்யும் தவறுகள்

பனிப்புயல் ஓய்ந்த மறுநாள் காலையில் வெயில் பளீரென்று அடிக்கும். கதவைத் திறந்தால் தெருவே சத்தமில்லாமல் வெள்ளையாகக் கிடக்கும். அப்பாடா, முடிந்தது என்று தோன்றும். இடுப்புப் பிடிப்பதும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவதும், வழுக்கி விழுவதும் எல்லாம் இனிமேல்தான்.

குளிர்காலம் முடியப்போகிற நேரத்தில் கொட்டும் பனி ஈரப் பனி. நடுக்குளிரில் விழுவது பஞ்சு என்றால் இது நனைந்த மெத்தை. உலர்ந்த புதுப்பனி ஒரு ஷவல் (பனி வாரும் மண்வாரி) அள்ளினால் இரண்டு கிலோ கூட வராது. அதே ஷவல் நிறைய ஈரப் பனி ஆறேழு கிலோ இருக்கும். பத்து மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் உள்ள டிரைவ்வேயில் (வீட்டு வாசலில் கார் வந்துபோகும் பாதையில்) 30 சென்டிமீட்டர் ஈரப் பனி கிடந்தால், நீங்கள் நகர்த்தப்போவது இரண்டு டன்னுக்கு மேல். போன மாதம் அரைமணியில் முடித்த வேலைதானே என்று இறங்குவதுதான் முதல் தவறு.

குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும். கனத்தைத் தூக்கும்போது நம்மையறியாமல் மூச்சைப் பிடிக்கிறோம். அதில் இன்னும் ஏறும். பல மாதம் உடற்பயிற்சி இல்லாத உடம்பு, எழுந்தவுடன் இந்த வேலை என்றால் இதயம் திண்டாடும். தூக்காமல் முடிந்தவரை தள்ளுங்கள். தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் அரை ஷவல் போதும். வீசும்போது இடுப்பை முறுக்காமல் காலை நகர்த்தித் திரும்புங்கள். நெஞ்சில் இறுக்கம், இடது கை அல்லது தாடையில் வலி, தலைசுற்றல் இருந்தால் 'இந்த ஓரத்தை மட்டும் முடிச்சுடறேன்' என்ற பேச்சே வேண்டாம். ஷவலைப் போட்டுவிட்டு அவசர உதவியைக் கூப்பிடுங்கள். இதய நோய் இருப்பவர்கள் இந்த வேலையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் விடுவதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

பனியை வாரி வீசும் ஸ்னோ ப்ளோவர் இயந்திரம் இருப்பவர்களுக்கு வேறு தொல்லை. ஈரப் பனி அதன் வாயில் களிமண் போல அடைத்துக்கொள்ளும். உடனே கையை உள்ளே விடுகிறோம். எஞ்சினை அணைத்த பிறகும் அடைப்பின் இறுக்கத்தில் பிளேடு முறுக்கேறி நிற்கும். அடைப்பு விட்டதும் ஒரு சுற்றுச் சுற்றிவிடும், விரல் போவதற்கு அது போதும். அணைத்துவிட்டு, சற்றுப் பொறுத்து, குச்சியால் குத்தி எடுங்கள்.

அடுத்தது கண்ணுக்கே தெரியாத ஆபத்து. காரைச் சுற்றிப் பனி வாருகிறார் அப்பா. குழந்தைக்குக் குளிருமே என்று எஞ்சினை ஓடவிட்டு உள்ளே உட்கார வைத்திருக்கிறார். பின்னால் புகைக்குழாய் பனிக்குள் புதைந்திருப்பதை அவர் பார்க்கவில்லை. வெளியே போக வழியில்லாத கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு காருக்குள் ஏறும். நிறமில்லை, மணமில்லை, குழந்தை தூங்குவது போலத்தான் தெரியும். ஆகவே முதலில் புகைக்குழாய், அப்புறம்தான் சாவி. வீட்டுக்கும் இதே கதைதான். ஹீட்டரின் புகைக்குழாய் பல வீடுகளில் பக்கச் சுவரில் தாழ்வாக நீட்டிக்கொண்டிருக்கும். பனி அதை மூடியிருக்கிறதா என்று சுற்றிப் போய்ப் பாருங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் போட்டால் வீட்டிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி, ஜன்னல் பக்கம் இல்லாமல் வையுங்கள். கராஜ் கதவைத் திறந்துவிட்டால் போதும் என்று நினைப்பது தப்பு. வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தால் அதன் பேட்டரியைக் கழற்றாதீர்கள். எல்லோரும் வெளியே வந்துவிட்டு உதவிக்குக் கூப்பிடுங்கள்.

காரின் முன்கண்ணாடியில் மட்டும் ஒரு கை அகலத்துக்குத் துடைத்துவிட்டுக் கிளம்புபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். கூரைமேல் கிடக்கிற பனி, முதல் சிக்னலில் பிரேக் போட்டதும் மொத்தமாகச் சரிந்து கண்ணாடியை மூடும். வேகமாகப் போனால் பாளமாகப் பறந்து பின்னால் வருகிறவர் மேல் விழும். கண்ணாடியில் வெந்நீர் ஊற்றவும் வேண்டாம், விரிசல் விடும்.

வீட்டுக் கூரைப் பனியை நீளக் கைப்பிடி வாரியால் தரையிலிருந்தே இழுக்கலாம். மேலே ஏறாதீர்கள். வளைந்து கிடக்கிற செடியை உலுக்கினால் ஒடிந்துவிடும். அடியிலிருந்து மெல்ல மேல்நோக்கித் தட்டுங்கள். மின்கம்பி அறுந்து கிடந்தால், உயிர் இல்லாத கம்பி போலத் தெரிந்தாலும் பத்து மீட்டருக்குள் போகவேண்டாம்.

உப்பு விஷயத்தில் நிறைய வீணடிப்பு. கணுக்கால் உயரப் பனிமேல் உப்பைக் கொட்டிப் பயனில்லை. முதலில் வாரிவிட்டு, மிச்சமிருக்கும் மெல்லிய படலத்தின் மேல் தூவவேண்டும். சாதா உப்பு மைனஸ் 10 டிகிரி பக்கம் போனாலே மந்தமாகிவிடும். அப்போது மணல் தூவினால் காலுக்குப் பிடிப்பாவது கிடைக்கும்.

இந்தப் பருவத்தில் வெயில் சுள்ளென்று இருக்கும். மதியம் உருகி நடைபாதையில் ஓடும் தண்ணீர் ராத்திரியில் கண்ணுக்குத் தெரியாத ஐஸாக உறையும். காலையில் ஈரத்தரை மாதிரி மினுங்குவது பெரும்பாலும் அதுதான். அதனால் வாரிய பனியை நடைபாதையின் மேட்டுப் பக்கம் குவிக்காதீர்கள், உருகியதெல்லாம் பாதையைத்தான் கடக்கும். தெருவோரச் சாக்கடைக் கம்பியை மூடியும் குவிக்கவேண்டாம். அது எங்கே இருக்கிறதென்று மறந்துபோயிருந்தால், மதியம் தண்ணீர் எங்கே குளம் கட்டுகிறதென்று பாருங்கள். அந்த இடத்தில் ஷவலால் நாலு குத்துக் குத்தினால் போதும், குளம் கடகடவென்று வடிந்துவிடும்.