காருக்குள்ள நாம பண்ற தப்பு, விக்கும்போதுதான் தெரியும்

ரெண்டு வருஷம் முன்னாடி என்னோட பழைய வேகன்ஆரை விக்கலாம்னு முடிவு பண்ணி, வாட்டர் வாஷ் கொடுத்து, டேஷ்போர்டுக்கு பாலிஷ் எல்லாம் அடிச்சு பளபளன்னு நிறுத்தியிருந்தேன். வாங்க வந்தவர் கூடவே ஒரு மெக்கானிக்கையும் கூட்டிட்டு வந்தார். அந்த அண்ணன் முதல்ல பானெட்டை தொறப்பார்னு நான் நினைச்சுட்டு நிக்கிறேன், அவர் நேரா இடது பக்க முன் கதவைத் தொறந்து, மேட்டைத் தூக்கி ஓரமா போட்டுட்டு, கார்பெட்டை கட்டைவிரலால ஒரு அமுக்கு அமுக்கி, அந்த விரலை மோந்து பார்த்தார். "சார், வண்டி தண்ணில நின்னுச்சா?"

சத்தியமா நிக்கல. ஆனா சென்னைல இதை யார் நம்புவா? 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்னு ரெண்டு தடவை ஊரே காரை தண்ணில விட்டுட்டு மொட்டை மாடில நின்ன ஊர் இது. அதனால செகண்ட்ஸ் வண்டி பார்க்க வர்றவங்க எல்லாருமே இப்ப பாதி டிடெக்டிவ். சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்துப் பார்ப்பாங்க, அடில சேறு கோடு இருக்கான்னு. சீட்டுக்குக் கீழ, சீட் முன்ன பின்ன நகர்ற இரும்புத் தடத்துல துரு இருக்கான்னு டார்ச் அடிப்பாங்க. டிக்கில ஸ்டெப்னியை எடுத்துட்டு அந்த குழிக்குள்ள கை விடுவாங்க. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடல் பக்கத்துல நிக்கிற வண்டில உப்புக் காத்துலயே சீட் போல்ட் துரு பிடிக்கும், பாவம் அவங்களும் இதே கேள்விக்கு பதில் சொல்லிட்டுதான் இருக்கணும்.

என் வண்டில நடந்தது வேற. ஏசி ஓடும்போது கூலிங் காயில்ல படியிற தண்ணி ஒரு சின்ன பைப் வழியா வண்டிக்கு அடில சொட்டணும். அந்த பைப் வாய்ல தூசி, இலைத் துணுக்கு எல்லாம் அடைச்சுக்கிட்டா தண்ணி ரிவர்ஸ் அடிச்சு பக்கத்து சீட்டுக்காரர் கால்கிட்ட, கார்பெட்டுக்கு அடில இருக்கிற ஃபோம்ல இறங்கிடும். மேல ரப்பர் மேட் இருக்கிறதால உங்களுக்குத் தெரியவே தெரியாது. உள்ள ஊறிக்கிட்டே இருக்கும். எனக்கு ஒரு மாசமா ஒரு ஈரத்துணி வாடை வந்துச்சு, நான் என்ன பண்ணினேன்னா ஒரு பெர்ஃப்யூம் வாங்கி மாட்டினேன். அதுதான் முதல் தப்பு, பெரிய தப்பும் அதுதான். வெயில் நாள்ல ஏசி போட்டு கொஞ்ச நேரம் நிறுத்தினா வண்டிக்கு அடில தண்ணி சொட்டுதான்னு குனிஞ்சு பாருங்க, சொட்டலைன்னா அன்னைக்கே மெக்கானிக்கிட்ட போய் காத்தடிச்சு விடச் சொல்லுங்க. சின்ன வேலை. அதை விட்டதுக்கு நான் அன்னைக்கு 12,000 ரூபாய் குறைச்சு கொடுத்தேன்.

இதுல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். வாங்க வர்றவங்க நிறைய பேருக்கு என்ஜின் சத்தம் நல்லா இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்கத் தெரியாது. ஆனா உள்ள உக்காந்தா மூக்கு இருக்கு, கண்ணு இருக்கு. இவன் சீட்டையே இப்படி வச்சிருக்கானே, ஆயிலை மட்டும் நேரத்துக்கு மாத்தியிருப்பானான்னுதான் யோசிப்பாங்க. புரோக்கருங்க இன்னும் ஒரு படி மேல. மீட்டர்ல 35,000 கிலோமீட்டர்னு காட்டுது, ஆனா கிளட்ச் பெடல் ரப்பர் வழவழன்னு மொட்டையா இருக்கு, ஸ்டியரிங் தோல் உரிஞ்சிருக்கு, டிரைவர் சீட் கதவுப் பக்க ஓரம் அமுங்கிப் போயிருக்குன்னா மீட்டரை திருப்பிட்டாங்கன்னு முடிவு பண்ணிடுவாங்க. நீங்க நிஜமாவே 35,000தான் ஓட்டியிருந்தாலும் சரி. அதனால பெடல் ரப்பர் தேஞ்சா அப்பவே மாத்திடுங்க. அதிக கிலோமீட்டர் ஓடின வண்டிய மறைக்க மாத்துறது வேற கதை, அது ஏமாத்து வேலை, அதுக்கு நான் வரல.

மறுபடி வாடைக்கே வரேன், ஏன்னா விலையை அதிகமா அடிக்கிறது அதுதான். கொடைக்கானல், ஏற்காடு மலை ஏறும்போது குழந்தை வாந்தி எடுக்கும், பால் பாட்டில் கவிழும், காசிமேடு போய் வாங்கின மீன் பை ஓட்டையா இருக்கும், எல்லா வீட்லயும் நடக்கிறதுதான். பால் கொட்டின உடனே சுடு தண்ணி ஊத்தி தேய்க்கிறாங்க பாருங்க, அது கூடவே கூடாது, சூட்டுல பால் திரிஞ்சு நூலோட நூலா ஒட்டிக்கும். பச்சைத் தண்ணில நனைச்ச துணியால ஒத்தி ஒத்தி எடுக்கணும், தேய்க்கக் கூடாது, தேய்ச்சா இன்னும் உள்ள இறங்கும். அப்புறம் சமையல் சோடாவை தாராளமா தூவி ராத்திரி முழுக்க விட்டுட்டு காலைல வேக்யூம் போட்டு உறிஞ்சிடுங்க. எங்க மாமா அடுப்புக்கரியை ஒரு துணில மூட்டை கட்டி சீட்டுக்கு அடில வச்சிருப்பார், அதுவும் நல்லாவே வாடையை இழுக்குது. இதெல்லாம் பண்ணாம ஜவ்வாது, எலுமிச்சை வாசனைன்னு மாட்டினா, கதவைத் தொறந்த உடனே வர்ற அந்த வாசனை வெள்ளமே வாங்க வந்தவனுக்கு இங்க எதையோ மறைக்கிறாங்கன்னு சொல்லிடும். அந்த ஜெல் பெர்ஃப்யூம் டப்பா வெயில்ல ஒழுகி டேஷ்போர்டு பிளாஸ்டிக்கை அரிச்சு வட்டமா தழும்பு போட்ட வண்டியும் பார்த்திருக்கேன்.

ஏசி ஃபில்டர்னு ஒண்ணு கிளவ் பாக்ஸுக்குப் பின்னாடி இருக்குங்கிறதே பல பேருக்குத் தெரியாது. வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க, நம்மூர் தூசிக்கு அதுக்கு முன்னாடியே மாத்தினாலும் தப்பில்ல. வீட்டை நெருங்கும்போது ரெண்டு மூணு நிமிஷம் முன்னாடி ஏசியை அணைச்சுட்டு ஃபேனை மட்டும் ஓட விட்டா காயில் காஞ்சிடும், பூஞ்சை வாடை வராது.

அடுத்து நம்ம ஊருக்கே உரிய ஒரு தப்பு. டேஷ்போர்டுல சாமி. பிள்ளையாரோ, வேளாங்கண்ணி மாதாவோ, மெக்கா படமோ, ஒட்டுறது உங்க இஷ்டம், ஆனா எங்க ஒட்டுறீங்கன்னு பாருங்க. இடது பக்கம் டேஷ்போர்டுல ஏர்பேக்னு எழுதியிருக்கும், அந்த மூடி மேல டபுள் டேப் போட்டு கனமான சிலையை ஒட்டிடுறாங்க. 2022-க்கு அப்புறம் வந்த கார் எதுவா இருந்தாலும் முன்சீட் ரெண்டுக்கும் ஏர்பேக் இருக்கும். இடிச்சா அந்த மூடி கண்ணிமைக்கிற நேரத்துல வெடிச்சு தொறக்கும், அது மேல உக்காந்திருக்கிற பிள்ளையார் பக்கத்துல உக்காந்திருக்கிறவங்க முகத்துக்குத்தான் வருவார். விக்கும்போது எடுத்தா டேப்போட சேர்த்து மேல் தோலும் உரிஞ்சு வரும். ஏற்கனவே ஒட்டியாச்சுன்னா ஹேர் டிரையரால லேசா சூடு காட்டி, கெட்டியான நூலை அடில விட்டு அறுத்து எடுங்க, மிச்ச பசைக்கு ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் போதும், அப்புறம் சோப்புத் தண்ணித் துணியால துடைச்சிடுங்க. பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீங்க. ஆயுத பூஜைக்கு ஸ்டியரிங்ல, டேஷ்போர்டுல சந்தனம் குங்குமம் வச்சுட்டு அடுத்த வருஷ ஆயுத பூஜை வரைக்கும் அப்படியே விடுற ஆளுங்க இருக்காங்க, வெளிர் கலர் பிளாஸ்டிக்ல அந்த சிவப்பு இறங்கிட்டா அப்புறம் போகாது. அன்னைக்கு சாயங்காலமே துடைச்சா சாமி கோவிச்சுக்காது.

டேஷ்போர்டு பாலிஷ் பத்தி கேட்டா நான் வேணாம்னுதான் சொல்லுவேன். எண்ணெய்ப் பதத்துல மின்னுற சிலிகான் பாலிஷ் அடிச்சா தூசி இன்னும் நல்லா ஒட்டும், பகல்ல முன் கண்ணாடில பிரதிபலிச்சு ரோடே தெரியாது. ஈர மைக்ரோஃபைபர் துணி போதும். வெயிலுக்கு முன் கண்ணாடில ஒரு சன் ஷேட் வைக்கிறதுதான் நிஜமான பாதுகாப்பு, அதை வாங்கின அன்னைக்கு மட்டும் வச்சுட்டு அப்புறம் டிக்கில போட்டுடுறோம். கொரோனா சமயத்துல சானிடைசரை டேஷ்போர்டு, ஸ்டியரிங்னு தெளிச்சுத் தெளிச்சு வெள்ளைத் திட்டு விழுந்த வண்டிங்க இன்னும் மார்க்கெட்ல சுத்திட்டிருக்கு. டச் ஸ்கிரீனுக்கு ஜன்னல் கண்ணாடி துடைக்கிற நீலத் தண்ணியும் அடிக்காதீங்க, மேல இருக்கிற கோட்டிங் போயிடும்.

சீட் கவர் போடுறதுல தப்பே இல்ல, ஒரிஜினல் துணி புதுசு மாதிரி இருந்தா விக்கும்போது கவரை உருவிக் காட்டினாலே ஆள் மடங்கிடுவார். ஆனா சீட்டோட பக்கவாட்டுல ஏர்பேக் இருக்கிற வண்டியா இருந்தா அதுக்குன்னு தையல் விட்ட கவர்தான் போடணும், இல்லன்னா அது வெளிய வர வழி இல்ல. இன்னொரு பக்கம், ஷோரூம்ல இருந்து வந்த பாலிதீன் கவரையே மூணு வருஷம் பிரிக்காம உக்கார்றவங்களும் உண்டு, அதுக்கு அடில வேர்வையும் ஈரமும் சேர்ந்து துணில கரும்புள்ளியா பூஞ்சை பிடிச்சிருக்கும். பாதுகாக்கிறோம்னு நினைச்சு கெடுக்கிறது இதுதான். தரை முழுக்க ஒட்டுற அந்த 7டி மேட்டும் இதே ரகம், அடில தண்ணி போனா காய வழியே இல்ல.

விக்கிறதுக்கு முந்தின நாள் பண்ற தப்பு தனி. அவசரத்துல வாட்டர் சர்வீஸ்ல விட்டு உள்ளயும் ஷாம்பூ போடுங்கன்னு சொல்லிட்டு போயிடுவோம். அவங்க நுரையை ஊத்தி, சரியா காய வைக்காம, சாயங்காலம் கண்ணாடியை ஏத்தி கையில சாவியைக் கொடுத்துடுவாங்க, மறுநாள் காலைல பார்ட்டி வந்து கதவைத் தொறந்தா நாய் நனைஞ்ச வாடை. சீட்டுக்கு அடில மஞ்சள் கலர்ல ஏர்பேக் கனெக்டர் இருக்கிற வண்டிங்க உண்டு, அதுல தண்ணி போனா மீட்டர்ல வார்னிங் லைட் எரியும், அப்புறம் அதுக்கு விளக்கம் சொல்லிட்டு நிக்கணும். மேல் கூரைத் துணியையும் ஊற வைக்காதீங்க, பசை விட்டு தொங்க ஆரம்பிச்சிடும். ஒரு வாரம் முன்னாடியே பண்ணிட்டு, நாலு கதவையும் தொறந்து வெயில்ல ஒரு பகல் முழுக்க போடுங்க. அதுக்காக புது சீட் கவர், புது செட்டுன்னு காசு செலவழிக்க வேணாம், அந்தக் காசு விலைல திரும்பி வராது, ரேட்டு பேசும்போது யாரும் அதைக் கணக்குல சேர்க்க மாட்டாங்க. வயரை வெட்டி மாட்டின பழைய ஸ்டீரியோ இருந்தா மட்டும் ஒரு நல்ல எலக்ட்ரீஷியனை வச்சு கப்ளர், அதாவது வயரை சேர்க்கிற பிளக், போட்டு ஒழுங்கு பண்ணிடுங்க.

சாவியைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி கிளவ் பாக்ஸ், சீட் பாக்கெட் எல்லாம் துழாவிடுங்க, செட்டுல சேமிச்ச போன் நம்பரை அழிச்சிடுங்க, ரெண்டாவது சாவியும் மேனுவலும் ஜாக்கியும் எடுத்து வைங்க, இருந்தா நல்ல மதிப்பு. ஃபாஸ்டேகை பேங்க்ல சொல்லி குளோஸ் பண்ணிடுங்க. நான் மறந்துட்டேன், வண்டி கொடுத்து மூணாவது நாள் பரனூர் டோல்ல காசு போனதா எனக்கு மெசேஜ் வந்தப்பதான் அந்த ஸ்டிக்கர் ஞாபகமே வந்துச்சு.