அடுத்து என்ன படிப்பது? புதிதாக வாசிக்கத் தொடங்கியவர்களுக்கு ஒரு செய்முறை

ஒரு நல்ல நாவலைப் படித்து முடித்தால் இரண்டு மூன்று நாளைக்கு வேறு எதையும் தொடத் தோன்றாது. அப்புறம் கை பரபரக்கும், ஆனால் எதை எடுப்பது என்று தெரியாது. இணையத்தில் தேடினால் ‘படித்தே ஆக வேண்டிய நூறு புத்தகங்கள்’ என்று பட்டியல் பட்டியலாக வந்து விழும், எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப அதே பெயர்கள் இருக்கும். அந்தப் பட்டியல்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் அதைப் போட்டவருக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் கடைசியாகப் படித்த புத்தகம் உங்களுக்குள் ஏதோ ஒரு கேள்வியைக் கிளப்பிவிட்டிருக்கும். அடுத்த புத்தகம் அந்தக் கேள்வியிலிருந்துதான் வர வேண்டும் என்பது என் கட்சி. கேள்வியைப் பிடித்துக்கொண்டு கதையிலிருந்து கட்டுரைக்கும் கட்டுரையிலிருந்து கதைக்கும் தாவப் பழகிவிட்டால், படிக்க என்ன இருக்கிறது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது. எப்படி என்று ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

படி 1: பிடித்தது எது என்று எழுதுங்கள்

ஒரு நோட்டு போதும், போனில் எழுதினாலும் சரி. உங்களுக்குப் பிடித்த மூன்று புத்தகங்களின் பெயரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏன் பிடித்தது என்று ஒரு வரி. ‘நன்றாக இருந்தது’ என்று எழுதினால் உதவாது. ‘அந்தக் காலத்துக் கப்பல் பயணம் எப்படி இருந்தது என்று தெரிந்தது’, ‘அந்த அம்மா பேசுகிற பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சு’, ‘அவர் ஏன் ஊரைவிட்டுப் போனார் என்று கடைசிவரை புரியவில்லை’ என்கிற மாதிரி இருக்க வேண்டும். மூன்றாவது மாதிரி வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் புரியாமல் விட்ட இடத்தில்தான் அடுத்த புத்தகம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதுவரை எதுவுமே படித்ததில்லையா? பிடித்த சினிமா, ஊரைப் பற்றித் தாத்தா சொன்ன கதை, செய்தியில் பார்த்து மனசைவிட்டுப் போகாத ஒரு சம்பவம், எதை வைத்தும் தொடங்கலாம்.

படி 2: கையில் இருக்கும் புத்தகத்தை மறுபடி திறங்கள்

பெரும்பாலானவர்கள் கதை முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். நீங்கள் முதல் சில பக்கங்களுக்கும் கடைசிப் பக்கங்களுக்கும் திரும்பிப் போங்கள். முன்னுரையில் ஆசிரியர் தனக்கு உதவியவர்களையும், தான் படித்த நூல்களையும், தன்னைப் பாதித்த எழுத்தாளர்களையும் பெரும்பாலும் சொல்லியிருப்பார். அந்தப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டுரை நூல் என்றால் கடைசியில் துணைநூற்பட்டியல் இருக்கும். அது அந்த ஆசிரியர் பல வருடம் தேடிச் சேர்த்தது, நமக்கு அப்படியே கிடைக்கிறது. முழுவதையும் படிக்க முடியாது, படிக்கவும் வேண்டாம். எந்தப் பெயர் அடிக்கடி வருகிறது என்று மட்டும் பாருங்கள், பத்து அத்தியாயத்தில் ஆறு இடத்தில் ஒரே நூலைக் காட்டியிருந்தால் அதுதான் அந்தத் துறையின் வேர்.

மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளர் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் கண்டதையும் எடுத்து மொழிபெயர்ப்பதில்லை, ஒருவருடைய ஒரு புத்தகம் பிடித்துப்போனால் அவர் மொழிபெயர்த்த மற்றதும் பிடிக்க நிறைய வாய்ப்பு உண்டு. அதே போலத்தான் பதிப்பகமும். கடைசித் தாள்களில் ‘எங்கள் பிற வெளியீடுகள்’ என்று போட்டிருப்பார்களே, அதை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள்.

படி 3: கதையிலிருந்து கட்டுரைக்கு, மறுபடி கதைக்கு

இந்தப் படிதான் முக்கியம் என்பதால் ஒரு உதாரணத்தோடு விரிவாகவே சொல்கிறேன்.

பாலாவின் ‘பரதேசி’ படம் பார்த்திருப்பீர்கள். அதற்கு அடிப்படை பி. எச். டேனியல் எழுதிய ‘ரெட் டீ’ என்ற ஆங்கில நாவல், 1969-இல் வந்தது. டேனியல் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்தவர். அந்த நாவலை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரியின் பேச்சை நம்பி முன்பணம் வாங்கிக்கொண்டு வால்பாறைத் தோட்டத்துக்குப் போகிறார்கள், பிறகு அங்கிருந்து மீளவே முடிவதில்லை. படித்து முடித்ததும் மனசில் என்னென்ன கேள்வி வரும்? எனக்குத் தோன்றுகிறவற்றைச் சொல்கிறேன்.

இப்படி வேறு எங்கெல்லாம் போனார்கள்? இலங்கைக்குப் போனார்கள். அங்கே போனால் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இருக்கிறது, 1930-களில் எழுதப்பட்ட நீண்ட கதை, அதிலும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஒரு பெண் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். ஒரே மாவட்டம், ஒரே பயிர், நடுவில் கடல். சரி, போனவர்கள் அங்கே என்ன ஆனார்கள் என்று அடுத்த கேள்வி. இலங்கையின் தேயிலைத் தோட்ட மலைப்பகுதியான மலையகத்திலேயே வாழ்ந்து எழுதியவர் சி. வி. வேலுப்பிள்ளை, தொழிற்சங்கக்காரர், 1947 தேர்தலில் வென்று இலங்கை நாடாளுமன்றத்துக்கும் போனவர். அவருடைய ‘வீடற்றவன்’ நாவலை எடுக்கலாம். அதைப் படித்துவிட்டு, அத்தனை வருடம் உழைத்த மக்களுக்கு ஏன் வீடில்லை என்று கேட்டால் கதையைவிட்டு வெளியே வந்தாக வேண்டும், ஏனென்றால் விடை சட்டத்தில் இருக்கிறது. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம், 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் என்று வரலாற்று நூல்களுக்குப் போய்விடுவீர்கள்.

இது ஒரு கிளைதான். வால்பாறையில் தேயிலைக்கு முன்னால் என்ன இருந்தது என்று கேட்டால் மழைக்காடு, அங்கிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழலியல் நூல்கள். தோட்டத்தில் அத்தனை பேர் ஏன் காய்ச்சலில் செத்தார்கள் என்று கேட்டால் மலேரியாவின் வரலாறு, மருத்துவ நூல்கள். ஒரே நாவலிலிருந்து சட்டம், காடு, மருத்துவம் என்று மூன்று திசை. ‘பலதரப்பட்ட புத்தகங்கள் படியுங்கள்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் துறைக்கு ஒன்று என்று கணக்கு வைத்துப் படித்தால் பாடப்புத்தகம் படிக்கிற மாதிரி ஆகிவிடும். இப்படிக் கேள்வியின் பின்னால் போனால் துறை தானாகவே மாறும், நீங்களும் விருப்பத்தோடு போவீர்கள்.

தேடும்போது ‘நல்ல வரலாற்று நூல்’ என்று தேடாமல், புத்தகத்துக்குள் வந்த சொல்லையே போட்டுத் தேடுங்கள். ‘கங்காணி’ (தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்குபவர்), ‘மலையகம்’, ‘தோட்டத் தொழிலாளர்’ என்று போட்டால் வருகிற முடிவுகளே வேறாக இருக்கும்.

படி 4: நூலகத்தில் அலமாரியின் முன்னால் நில்லுங்கள்

உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினர் ஆகிவிடுங்கள். முகவரிச் சான்றும் சொற்பத் தொகையும் போதும். சென்னையில் இருந்தால் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், இரண்டிலும் ஒரு நாள் முழுக்க உட்காரலாம். எழும்பூர் கன்னிமாரா 1896-இலிருந்து இயங்குகிறது, நாட்டில் வெளியாகும் புத்தகங்களில் ஒரு பிரதி போய்ச் சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று, அதனால் கடையில் கிடைக்காத பழைய புத்தகத்தை அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

நூலகத்தில் புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுக்கும் டூயி தசம முறை என்றால் தமிழ் இலக்கியம் 894.811 என்ற எண்ணில் இருக்கும், முதுகில் ஒட்டிய சீட்டைப் பாருங்கள். தேடிப்போன புத்தகத்தைக் கண்டுபிடித்ததும் உடனே எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள், அதற்கு இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து எடுத்துப் புரட்டுங்கள், எல்லாம் அதே விஷயத்தைப் பற்றியவை. யாரும் பரிந்துரைக்காத, விளம்பரமே இல்லாத புத்தகங்கள் இப்படித்தான் கையில் சிக்கும். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை நடத்திய எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்று இரண்டு உண்டு. அலமாரியின் முன்னால் நிற்கும்போது அந்த இரண்டாவது விதி எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்.

பழைய நூலகப் புத்தகங்களில் திருப்பித் தர வேண்டிய தேதியை முத்திரை குத்துகிற தாள் ஒன்று ஒட்டியிருக்கும். அதையும் பாருங்கள். தேதிகள் நெருக்கமாக இருந்தால் ஊர்க்காரர்கள் விரும்பிப் படித்த புத்தகம், முத்திரையே இல்லையென்றால் உங்களுக்காகக் காத்திருக்கிறது, அதையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

படி 5: காசில்லாமல் இணையத்தில்

1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு எழுத்து வரை தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்நூலகத்தில் பழைய நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். நாட்டுடைமை ஆன, அதாவது அரசு உரிமையை வாங்கிப் பொதுவாக்கிய, எழுத்தாளர்களின் நூல்களைத் தாராளமாக இறக்கிப் படிக்கலாம், புதுமைப்பித்தனும் அதில் உண்டு. ஈழத்து, மலையகத்து எழுத்துகளுக்கு ‘நூலகம்’ தளம்தான் முதலிடம், அதை நடத்துகிறவர்களுக்கு நாம் நிறையக் கடன்பட்டிருக்கிறோம்.

படி 6: விருதுப் பட்டியலை வேறு மாதிரி பயன்படுத்துங்கள்

சாகித்ய அகாடமி 1955-இலிருந்து விருது தருகிறது. அந்தப் பட்டியலை வரிசையாகப் படிக்க உட்கார்ந்தால் பாதியிலேயே அலுத்துவிடும். ஒவ்வொன்றும் எந்த ஊரைப் பற்றியது, எந்த மக்களைப் பற்றியது என்று மட்டும் பாருங்கள், உங்கள் நோட்டில் உள்ள கேள்விக்கு எது பொருந்துகிறதோ அதை எடுங்கள். மூலத்துக்கு மட்டுமில்லாமல் மொழிபெயர்ப்புக்கும் தனிப் பட்டியல் இருப்பது பலருக்குத் தெரியாது. கன்னடம், மலையாளம், வங்காளம் என்று பக்கத்து வீட்டு இலக்கியத்துக்குள் நுழைய அது நல்ல வழி. நேஷனல் புக் டிரஸ்டும் இந்திய மொழி நாவல்களைக் குறைந்த விலையில் தமிழில் போட்டிருக்கிறது.

படி 7: புத்தகக் காட்சிக்குப் போகும் முன்

பதிப்பாளர்கள், புத்தக விற்பனையாளர்கள் சங்கமான பபாசி 1977-இலிருந்து நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வரும், ஈரோட்டில் ஆகஸ்ட், இப்போது மாவட்டந்தோறும் நடக்கிறது. பத்து சதவீதக் கழிவு வழக்கம். முதல் சுற்றில் எதையும் வாங்காமல் பதிப்பகங்களின் விலைப்பட்டியலை மட்டும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள், உட்கார்ந்து அதில் குறித்துவிட்டு இரண்டாவது சுற்றில் வாங்குங்கள். கூட்டமில்லாத சின்ன அரங்குகளில் பல நேரம் பதிப்பாளரே உட்கார்ந்திருப்பார். ‘இந்த விஷயத்தைப் பற்றி என்ன இருக்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள், தான் போடாத புத்தகத்தைக்கூட எந்த அரங்கில் கிடைக்கும் என்று சொல்லி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

படி 8: எடுக்கலாமா வேண்டாமா

முதல் பக்கத்தை எல்லோரும் கவனமாகத்தான் எழுதுவார்கள். அதனால் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படியுங்கள், மேலே போகத் தோன்றினால் எடுங்கள். கட்டுரை நூல் என்றால் உள்ளடக்கத்தைப் பார்த்து உங்களுக்கு ஓரளவு தெரிந்த அத்தியாயம் ஒன்றைப் படியுங்கள், தெரிந்த விஷயத்தை அவர் எப்படிச் சொல்கிறார் என்பதை வைத்துத் தெரியாததில் எவ்வளவு நம்பலாம் என்று பிடிபட்டுவிடும். இணையத்தில் மதிப்புரை பார்ப்பதென்றால் வாசகர்கள் நட்சத்திரம் போட்டு மதிப்பிடும் குட்ரீட்ஸ் தளத்தில் மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதை முதலில் படியுங்கள், ஐந்து கொடுத்தவர் புகழ்வார், ஒன்று கொடுத்தவர் கோபத்தில் இருப்பார், நடுவில் இருப்பவர்தான் எது பிடித்தது எது பிடிக்கவில்லை என்று பிரித்துச் சொல்லியிருப்பார்.

ஐம்பது பக்கம் போயும் ஒட்டவில்லை என்றால் வைத்துவிடுங்கள், தயங்க வேண்டாம். ஆனால் நோட்டில் அந்தப் பெயருக்கு எதிரே எந்தப் பக்கத்தில் விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று எழுதி வையுங்கள். மொழி கடினம் என்று விட்டதை இரண்டு வருடம் கழித்து மறுபடி எடுக்கலாம், விஷயமே பிடிக்காமல் விட்டதை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு அதே அலமாரியில் அடுத்ததை எடுங்கள்.