கட்டானா எனும் ஜப்பானிய வாளின் பிடிக்கு நாடா சுற்றும்போது

முதலில் அலகைக் கழற்றிவிடுங்கள். பிடியின் குறுக்கே இருக்கும் மெகுகி எனும் மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தால் பிடி தனியாக வந்துவிடும். நாடா சுற்றுவது பலம் கொடுத்து இழுக்கிற வேலை, அலகோடு செய்யவே கூடாது.

பழைய நாடாவை அறுக்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். மெனுகி என்ற உலோக அலங்காரம் எந்தச் சுற்றுக்கு அடியில் இருந்தது, முடிச்சு எங்கே விழுந்தது என்பதெல்லாம் அப்புறம் தேவைப்படும். புது நாடா பருத்தியோ பட்டோ, 4 மீட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள்.

நாடாவின் நடுப்பகுதியை அலகுப் பக்கம் வைத்துத் தொடங்கி, இரண்டு முனைகளையும் முறுக்கி மடித்துக் குறுக்கே கடத்த வேண்டும். ஒரு குறுக்கில் இடது முனை மேலே வந்தால் அடுத்ததில் வலது முனை மேலே வரட்டும். மலிவான வாள்கள் பலவற்றில் இந்த மாற்றம் இருக்காது.

பலர் விட்டுவிடுவது ஹிஷிகாமி. ஒவ்வொரு மடிப்புக்கு அடியிலும் செருகும் சின்ன முக்கோணக் காகிதம் அது. நாடாவின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, சாய்சதுர இடைவெளிகள் எல்லாவற்றையும் ஒரே அளவில் நிறுத்துவது அதுதான். இதற்குப் பதிலாக இருபக்கமும் ஒட்டும் டேப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. காகிதங்களை முன்னதாகவே ஒரே அளவில் வெட்டி அடுக்கிவிட்டு உட்காருங்கள், பாதியில் எழுந்தால் இழுவிசை தளர்ந்துவிடும்.

பழங்கால வாள் என்றால் நீங்கள் தொடாதீர்கள், தேர்ந்த கைவினைஞரிடம் கொடுங்கள். பழகுவதற்குப் பயிற்சி வாளின் பிடியே போதும்.